கட்டணமில்லா வழக்கிலிருந்து போர்டு நாற்காலி வரை: வழக்கறிஞரின் பொதுப்பணி, ஓர் எளிய அறிமுகம்

ஒரு வழக்கறிஞர் வழக்கை நடத்தி முடிக்கிறார். கட்சிக்காரர் பீஸ் தராமல் கம்பி நீட்டிவிடுகிறார். "சரி, போகட்டும், இதைப் புரோ போனோ என்று வைத்துக்கொள்கிறேன்" என்று அந்த வழக்கறிஞர் சொன்னால், அது ஆறுதல் பேச்சுதான். வருமென்று எதிர்பார்த்து வராமல் போன கட்டணம் இந்தக் கணக்கில் சேராது என்று அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் மாதிரி விதிகளுக்கான விளக்கக் குறிப்பே சொல்கிறது. பணம் வேண்டாம் என்ற முடிவு வேலை தொடங்கும்போதே எடுக்கப்பட்டிருக்க வேண்டும். கட்சிக்காரருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

பொது நன்மைக்காக என்று பொருள்படும் லத்தீன் தொடரின் சுருக்கம் புரோ போனோ. கட்டணம் கொடுக்க வசதியில்லாதவர்களுக்கோ, அவர்களுக்காக இயங்கும் அமைப்புகளுக்கோ, ஒரு வழக்கறிஞர் தன் தொழில் திறமையை இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ தருவதைத்தான் இன்று அப்படி அழைக்கிறார்கள். இங்கே அழுத்தம் விழவேண்டிய இடம் 'தொழில் திறமை'. வக்கீல் ஒருவர் விடுமுறை நாளில் பூங்காவைச் சுத்தம் செய்தால் நல்ல காரியம்தான், ஆனால் அது புரோ போனோ இல்லை. ஒரு தொண்டு நிறுவனத்தின் போர்டில் உட்கார்ந்து பட்ஜெட்டுக்குக் கை தூக்குவதும் பொதுப்பணிதான். கறாராகப் பார்த்தால் அதுவும் புரோ போனோ ஆகாது, ஏனென்றால் அங்கே அவர் வழக்கறிஞராக வேலை செய்யவில்லை, நிர்வாகியாக முடிவெடுக்கிறார்.

இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதிலிருந்துதான் பிற்பாடு வரும் சிக்கல்களில் பாதி பிறக்கிறது என்பது என் எண்ணம். அதனால் முதலில் இலவச வழக்கு வேலையையும், அப்புறம் போர்டு பொறுப்பையும் தனித்தனியே பார்ப்போம்.

சட்ட உதவி இருக்கும்போது இது எதற்கு?

1961-ல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன் என்பவர்மேல், பில்லியர்ட்ஸ் கூடம் ஒன்றை உடைத்து உள்ளே நுழைந்ததாக வழக்கு. கையில் காசில்லை, வக்கீல் வேண்டும் என்று கேட்டார். மரண தண்டனை விதிக்கக்கூடிய வழக்குகளுக்கு மட்டுமே அரசு வக்கீல் ஏற்பாடு செய்யும் என்றார் நீதிபதி. கிடியன் தனக்குத் தானே வாதாடித் தோற்று, ஐந்தாண்டு சிறைத் தண்டனை பெற்றார். சிறையில் உட்கார்ந்து கையால் எழுதி உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு மனு அனுப்பினார். நீதிமன்றம் அவருக்காக வாதாட ஏப் ஃபோர்ட்டஸ் என்ற முன்னணி வழக்கறிஞரை நியமித்தது. அவர் கட்டணம் வாங்காமல் வாதாடினார். 1963 மார்ச்சில், கடுங்குற்ற வழக்குகளில் ஏழைகளுக்கு அரசு வக்கீல் தந்தே ஆகவேண்டும் என்று நீதிபதிகள் அனைவரும் ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள். மறுவிசாரணையில் கிடியனுக்கு வக்கீல் இருந்தார். ஜூரிகள் அவரை விடுதலை செய்தார்கள். அதே குற்றச்சாட்டு, முக்கிய சாட்சியும் அதே ஆள்தான். கூடுதலாக இருந்தது, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யத் தெரிந்த ஓர் ஆள்.

ஃபோர்ட்டஸ் இந்தக் கட்டுரையில் இன்னொரு முறை வருவார், அவ்வளவு பெருமையான காரணத்துக்காக அல்ல.

கிடியன் தீர்ப்பு குற்ற வழக்குகளுக்கானது. வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ், குழந்தை யாரிடம் வளர்வது என்ற தகராறு, கொடுக்காத கூலி போன்ற உரிமையியல் விஷயங்களில் அமெரிக்காவில் அதே மாதிரியான பொது உரிமை கிடையாது. இங்கிலாந்தில் 1949-லேயே சட்ட உதவிக்குத் தனிச் சட்டம் வந்தது. ஆனால் 2013-ல் நடைமுறைக்கு வந்த சட்ட உதவி வெட்டுகள் குடும்ப வழக்குகள், நலத்திட்டப் பிரச்சினைகள் எனப் பல துறைகளைப் பெரும்பாலும் வெளியே தள்ளிவிட்டன. இந்திய ஏற்பாடு காகிதத்தில் விரிவானது. 1976-ல் இலவசச் சட்ட உதவி பற்றிய 39-ஏ பிரிவு அரசமைப்பில் சேர்ந்தது. 1987-ல் இயற்றிய சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1995 நவம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்போர் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் கிடைக்கும்.

ஆனால் சட்ட உதவியில் வக்கீலுக்கு யாரோ பணம் கொடுக்கிறார்கள், பெரும்பாலும் அரசு. தொகை சிறியதாக இருக்கலாம், ஆனாலும் அது கட்டணம். புரோ போனோவில் அந்த நேரத்தின் விலையை வக்கீலே ஏற்கிறார். இன்னொரு வேறுபாடு அதிகம் பேசப்படுவதில்லை. சட்ட உதவி வக்கீலுக்கு வரிசையில் அடுத்து நிற்பவர்தான் கட்சிக்காரர். புரோ போனோ வக்கீல் தனக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுக்கலாம். அதனால்தான் நாளிதழில் வரக்கூடிய அரசமைப்பு வழக்குக்குப் பத்து பேர் கை தூக்குவார்கள், வாடகை பாக்கித் தகராறுக்கு ஒருவரும் வரமாட்டார்கள். புதிதாக வருபவர்களுக்கு என் சிபாரிசு, அந்த இரண்டாவது வரிசையில் போய் நில்லுங்கள். அங்கே வேலையும் உண்டு, கற்றுக்கொள்ள இடமும் உண்டு.

கட்டாயமா, விருப்பமா?

பெரும்பாலான இடங்களில் விருப்பம்தான். அமெரிக்க மாதிரி விதி 6.1, ஆண்டுக்கு 50 மணி நேரமாவது செய்ய முயலுங்கள் என்கிறது. இந்த எண் 1993-ல் சேர்க்கப்பட்டது. அதில் பெரும்பகுதி வசதி குறைந்தவர்களுக்கோ அவர்களுக்காக உழைக்கும் அமைப்புகளுக்கோ போக வேண்டும். செய்யாவிட்டால் தண்டனை இல்லை. நியூயார்க் மட்டும் வேறு வழியில் போனது. 2015 முதல், அங்கே வழக்கறிஞராகப் பதிவு செய்ய விரும்புகிறவர் முன்கூட்டியே 50 மணி நேரம் முடித்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2007 முதல் ஒரு வழக்கறிஞருக்கு ஆண்டுக்கு 35 மணி என்று ஓர் இலக்கு இருக்கிறது. விரும்பிய நிறுவனங்கள் அதில் கையெழுத்திடலாம்.

இந்திய பார் கவுன்சில் விதி 46 எண்ணே சொல்வதில்லை. ஏழைகளுக்கும் ஒடுக்கப்பட்டவர்களுக்கும் இலவச உதவி செய்வது, வழக்கறிஞர் சமூகத்துக்குச் செய்யவேண்டிய மிக உயர்ந்த கடமைகளில் ஒன்று என்கிறது. கூடவே, 'தன் பொருளாதார நிலை இடம் தரும் அளவுக்கு' என்ற வரம்பையும் வைக்கிறது. அந்த வரம்பு சும்மா போட்டதில்லை. சீனியரிடம் சேர்ந்து முதலாண்டை ஓட்டும் ஜூனியர், இலவச வழக்கு எடுக்க முடியவில்லையே என்று குற்ற உணர்வில் குமைய வேண்டியதில்லை.

எங்கிருந்து தொடங்குவது?

சட்ட ஆலோசனை முகாமிலிருந்து. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, வரிசையாக வரும் மனிதர்கள். ஒருவருக்கு அரை மணி நேரம். வந்த நோட்டீஸைப் படித்துச் சொல்வது, எந்த அலுவலகத்துக்குப் போகவேண்டும், எத்தனை நாளுக்குள் பதில் தரவேண்டும் என்று விளக்குவது, ஒரு மனு எழுதித் தருவது. இதற்குப் பெரிய வாதத் திறமை தேவையில்லை. நீதிமன்றப் படியே ஏறாமல் நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் எழுதியே காலம் தள்ளிய வக்கீல்கள்கூட இங்கே நன்றாகச் செய்வார்கள். உயில், வாடகை ஒப்பந்தம், வேலை ஒப்பந்தம் எல்லாம் அவர்கள் தினமும் பார்க்கிறவைதானே.

முகாமில் உட்காரும்போது ஒரு தயக்கம் வரும். எதிரே இருப்பவரின் எதிராளி என் அலுவலகத்தின் கட்சிக்காரராக இருந்தால்? வழக்கமாக வழக்கு எடுக்குமுன் இதை அலுவலகம் முழுக்கச் சரிபார்க்க வேண்டும். முகாமில் அதற்கு நேரமிருக்காது. இந்தச் சிக்கலுக்காகவே அமெரிக்க மாதிரி விதிகளில் 6.5 என்று ஒன்று உண்டு. குறுகிய கால ஆலோசனைக்கு மட்டும், முரண்பாடு இருப்பது வக்கீலுக்குத் தெரிந்திருந்தால்தான் தடை. முகாமோடு நின்றால் இந்தச் சலுகை, அதே நபரின் வழக்கைத் தொடர்ந்து நடத்தப் போனால் முழுச் சோதனையும் செய்தாக வேண்டும். உங்கள் ஊர் விதி வேறாக இருக்கலாம், முதல் முகாமுக்கு முன்பே கேட்டு வையுங்கள்.

முகாமில் தவறாமல் நடக்கும் ஒரு கோளாறு இருக்கிறது. வக்கீல் மனு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். வந்தவரோ, 'எனக்கு ஒரு வக்கீல் கிடைத்துவிட்டார்' என்ற நிம்மதியில் அடுத்த வாய்தாவுக்குக் காத்திருப்பார். அன்று நீதிமன்றத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். அதனால் நான் இதுவரைதான் செய்கிறேன், இதற்கு மேல் இல்லை என்பதை ஒரு தாளில், அவருக்குப் புரியும் மொழியில் எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

தெரியாத துறைக்குள் இறங்கலாமா?

இறங்கலாம், தனியாக இறங்கக்கூடாது. குடும்ப வன்முறை வழக்கில் பாதுகாப்பு உத்தரவு கேட்பது, அகதி ஒருவருக்காக மனு போடுவது எல்லாம் பார்க்க எளிதாகத் தோன்றும். ஆனால் ஒரு தேதி தவறினால் எதிரே இருப்பவரின் உயிருக்கே ஆபத்தாகும் வேலைகள் இவை. இலவசம் என்பதால் தரம் குறையலாம் என்று எந்த நாட்டு விதியும் சொல்லவில்லை. ஏழைக் கட்சிக்காரரை வைத்துத் தொழில் பழகுவதைவிட, அவரை நல்ல வக்கீல் ஒருவரிடம் அனுப்பிவைப்பது மேல்.

இதற்குத்தான் சட்ட உதவி அமைப்பு ஒன்றின் வழியாகப் போவது நல்லது. வருகிறவரின் வருமானத்தையும் வழக்கின் வலுவையும் ஆவணங்கள் கையில் இருக்கின்றனவா என்பதையும் அவர்களே பார்த்துச் சலித்துத் தருவார்கள். பயிற்சி தருவார்கள், சந்தேகம் வந்தால் கேட்க அனுபவசாலி ஒருவர் இருப்பார். பல இடங்களில் தொழில் பிழைக்கான காப்பீடும் அவர்களுடையதே தன்னார்வ வக்கீலுக்கும் சேர்த்து இருக்கும். காப்பீடு இருக்கிறதா என்று கேட்க வெட்கப்பட வேண்டாம். உங்கள் அலுவலகத்தின் காப்பீடு, அலுவலக வேலை அல்லாத இலவச வழக்குக்குச் செல்லுபடியாகுமா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

வழக்கை ஏற்றபிறகு அது மற்ற எந்த வழக்கையும் போலத்தான். இரகசியம் காப்பது, தகவல் சொல்வது, கெடு தவறாமல் தாக்கல் செய்வது, பாதியில் கைவிடாமல் இருப்பது எல்லாம் முழுசாகப் பொருந்தும். நடைமுறையில் என்ன ஆகிறது? மேசையில் கட்டுகள் குவிகிறபோது பீஸ் கொடுத்தவரின் கட்டு மேலே வரும், இலவசக் கட்டு அடியில் போகும். இதைத் தடுக்க நல்லெண்ணம் போதாது. வாரத்தில் ஒரு நேரத்தை ஒதுக்கி நாள்குறிப்பில் எழுதிவைப்பதும், அலுவலகத்தில் அந்த வழக்கையும் மற்ற வழக்குகளைப் போலவே எண் கொடுத்துப் பதிவு செய்வதும்தான் வேலை செய்கிறது. இன்னொன்று, வக்கீல் பீஸ் இல்லை என்றாலும் நீதிமன்றக் கட்டணம், மொழிபெயர்ப்புச் செலவு, நகல் செலவு எல்லாம் உண்டு. அவற்றை யார் தருவது என்பதையும் முதல் தாளிலேயே எழுதிவிட வேண்டும்.

பாலசுந்தரம் கேட்டது என்ன?

கட்சிக்காரர் உண்மையில் எதைக் கேட்கிறார் என்பதைப் புரிந்துகொள்வது இந்த வேலையின் கடினமான பகுதி. அதற்கு 1894-ல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நடந்ததைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. மோகன்தாஸ் காந்தி அங்கே வழக்கறிஞராகத் தொழில் தொடங்கிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கிழிந்த உடையோடு, முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் இரத்தம் வழிய, தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி ஒரு தமிழர் வந்து நின்றார். பெயர் பாலசுந்தரம். ஒப்பந்தக் கூலி. முதலாளி அடித்திருந்தார். காந்தியின் குமாஸ்தாவும் தமிழர் என்பதால் நடந்ததெல்லாம் தெளிவாகத் தெரியவந்தது.

காந்தி முதலில் செய்தது, அவரை ஒரு வெள்ளைக்கார மருத்துவரிடம் அனுப்பிக் காயங்களுக்குச் சான்றிதழ் வாங்கியது. அப்புறம் வாக்குமூலத்தை எழுதிக்கொண்டு மாஜிஸ்திரேட்டிடம் போனார். மாஜிஸ்திரேட் கொதித்துப்போய் முதலாளிக்குச் சம்மன் அனுப்பினார். அங்கேயே நின்று முதலாளியைத் தண்டிக்கவைத்திருந்தால் ஒரு பெரிய வெற்றி. பாலசுந்தரமோ அதே முதலாளியிடம் அதே ஒப்பந்தத்தில் மாட்டியிருப்பார். சாதாரண வேலைக்காரர் சொல்லாமல் போனால் உரிமையியல் வழக்கு, ஒப்பந்தக் கூலி போனால் குற்ற வழக்கு, சிறை. இதுதான் அன்றைய சட்டம். வெளியே வர இரண்டே வழி: ஒப்பந்தக் கூலிகளின் பாதுகாவலர் என்ற அதிகாரி ஒப்பந்தத்தை ரத்துசெய்ய வேண்டும் அல்லது வேறொருவர் பெயருக்கு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் முதலாளியே விடுவிக்க வேண்டும். காந்தி தண்டனையை விட்டுவிட்டு மாற்றத்தைப் பிடித்தார். முதலாளி சம்மதித்தார், வேறொரு ஐரோப்பியரிடம் ஒப்பந்தம் மாற்றப்பட்டது.

மருத்துவச் சான்று, வாக்குமூலம், சட்டத்தில் இருக்கும் வழிகள், கட்சிக்காரரின் தேவை என்ற அந்த வரிசை, இன்றைய குடும்ப வன்முறை வழக்குக்கும் மாறாமல் பொருந்தும்.

அதே ஆண்டில், அங்கிருந்த இந்தியர்களின் அமைப்பான நேட்டால் இந்தியக் காங்கிரஸ் தொடங்கப்பட்டபோது காந்திதான் செயலாளர். பொது வேலைக்குச் சம்பளம் வாங்க அவர் ஒப்பவில்லை. மாறாக, சுமார் இருபது வணிகர்கள் தங்கள் சட்ட வேலைக்காக அவருக்கு ஓராண்டுக் கட்டணத்தை முன்பணமாகத் தந்தார்கள். பிழைப்பு ஒரு பக்கம், பொதுவேலை ஒரு பக்கம். சங்கத்துக்குக் குறைந்தபட்ச மாதச் சந்தா ஐந்து ஷில்லிங் என்று வைத்து, தன் பங்காக மாதம் ஒரு பவுன் எழுதிக்கொண்டார். வந்த தொகைக்கெல்லாம் ரசீது, சுத்தமான கணக்கு. வழக்கறிஞர் ஒருவர் தனி மனிதரின் வழக்கிலிருந்து அமைப்பின் பொறுப்புக்கு நகர்வது இப்படித்தான். ஒரே மாதிரியான பத்து வழக்குகள் வந்தால், பதினோராவது வராமல் இருக்க என்ன செய்யலாம் என்று யோசனை போகும். அதற்கு அமைப்பு வேண்டும்.

அமைப்புக்கு வக்கீலாக இருப்பது

போர்டுக்குள் போகுமுன் இந்தப் படி ஒன்று இருக்கிறது, பலர் இதைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். தொண்டு நிறுவனம் ஒன்றுக்குப் பதிவு, துணைவிதிகள், வரிவிலக்கு விண்ணப்பம், கட்டட வாடகை, ஊழியர் ஒப்பந்தம், குழந்தைகளோடு பழகுகிறவர்களுக்கான நடத்தை விதி, நன்கொடையாளரோடு உடன்படிக்கை என்று சட்டவேலை எப்போதும் இருக்கும். சிறிய அமைப்பால் இதற்குச் செலவு செய்ய முடியாது. நீதிமன்றம் போகாத வக்கீலுக்கு இதைவிடப் பொருத்தமான புரோ போனோ கிடையாது. இங்கே உங்கள் கட்சிக்காரர் அந்த அமைப்புதான். அதைத் தொடங்கியவரோ, உங்களை அழைத்துவந்த நண்பரோ அல்ல. தொடங்கியவருக்கும் போர்டுக்கும் சண்டை வரும் நாளில் இது நினைவில் இருக்கவேண்டும்.

இப்படி ஓராண்டு வேலை செய்தால் அமைப்பின் உள்ளும் புறமும் தெரிந்துவிடும். கணக்கு எழுதுகிறார்களா, கூட்டக் குறிப்பு இருக்கிறதா, கேள்வி கேட்டால் முகம் சுளிக்கிறார்களா என்பதெல்லாம். அதன் பிறகு போர்டுக்கு அழைப்பு வந்தால் கண்ணைத் திறந்துகொண்டு முடிவெடுக்கலாம்.

போர்டு என்ன செய்யும்?

இயக்குநர் குழு, நிர்வாகக் குழு, அறங்காவலர் குழு என்று நாட்டுக்கும் பதிவு வடிவத்துக்கும் ஏற்பப் பெயர் மாறும். வேலை ஏறக்குறைய ஒன்று: அமைப்பின் திசையைத் தீர்மானிப்பது, தலைமை அதிகாரியை நியமிப்பது, தேவைப்பட்டால் நீக்குவது, பணம் எங்கே போகிறது என்று பார்ப்பது. அன்றாட வேலையை ஊழியர்கள் செய்வார்கள்.

போர்டு உறுப்பினரின் கடமைகளை மூன்றாகச் சொல்வது வழக்கம். கவனத்தோடு செயல்படுவது, அமைப்புக்கு விசுவாசமாக இருப்பது, அமைப்பின் நோக்கத்தையும் சட்டத்தையும் மீறாமல் இருப்பது. கேட்க எளிது. மீறல் எப்படி இருக்கும் என்று பார்க்க, வாஷிங்டனில் 1974-ல் தீர்ப்பான சிப்லி மருத்துவமனை வழக்கைப் படிக்க வேண்டும். மருத்துவமனையின் அறங்காவலர்கள் சிலர் வங்கிகளோடும் தொடர்புடையவர்கள். மருத்துவமனைப் பணத்தில் தேவைக்கு மேற்பட்ட தொகை, வட்டியே இல்லாத கணக்குகளில் அதே வங்கிகளில் கிடந்தது. நிதிக் குழு, முதலீட்டுக் குழு என்று காகிதத்தில் இருந்தவை பல ஆண்டுகள் கூடவே இல்லை. நிர்வாகம் ஓரிருவர் கையில் இருந்தது, மற்றவர்கள் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்கள். யாரும் பணத்தைத் திருடியதாக வழக்கு நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் அறங்காவலர்கள் கடமை தவறினார்கள் என்றது நீதிமன்றம். இழப்பீடு கட்டச் சொல்லவில்லை. தங்கள் வணிகத் தொடர்புகளை வெளிப்படையாக அறிவிக்கச் சொன்னது. புதிதாக வரும் அறங்காவலர்கள் இந்தத் தீர்ப்பைப் படித்தாக வேண்டும் என்றும் உத்தரவிட்டது. தூங்கினாலும் குற்றம் என்பதுதான் செய்தி.

அதிலும் வக்கீல் தூங்கினால் கூடுதல் குற்றம். இங்கிலாந்தின் 2000-ஆம் ஆண்டு அறங்காவலர் சட்டம், தனித் திறமையோ தொழில் அனுபவமோ உள்ளவரிடம் அதற்கேற்ற கவனத்தை எதிர்பார்க்கிறது. எனக்குத் தெரியாது என்று மற்றவர் சொல்லித் தப்பக்கூடிய இடத்தில் வழக்கறிஞர் அப்படிச் சொன்னால் எடுபடாது.

இரண்டு தொப்பி

வழக்கறிஞராக இருக்கும்போது நீங்கள் ஆலோசனை சொல்கிறீர்கள், முடிவைக் கட்சிக்காரர் எடுக்கிறார். போர்டில் நீங்களே முடிவெடுப்பவர். ஒரே கூட்டத்தில், 'இந்த ஒப்பந்தம் சட்டப்படி சரியா?' என்று உங்களைக் கேட்பார்கள். ஐந்து நிமிடம் கழித்து அதே ஒப்பந்தத்துக்கு வாக்கு கேட்பார்கள். வாக்களித்தபின் வழக்கு வந்தால், உங்கள் முடிவைப் பற்றி நீங்களே ஆலோசனை சொல்லும் நிலை.

இன்னொரு நுட்பமான ஆபத்து இருக்கிறது. வக்கீலிடம் கட்சிக்காரர் சொன்னதை நீதிமன்றத்தில் வெளியிட வைக்க முடியாது என்ற பாதுகாப்பு, அவர் வக்கீலாக இருந்து கேட்டதற்குத்தான். போர்டு உறுப்பினராக உட்கார்ந்திருந்தபோது பேசியதற்கு அது கிடைக்காமல் போகலாம். இதை மற்ற உறுப்பினர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று அமெரிக்க மாதிரி விதிகளின் விளக்கக் குறிப்பு அறிவுறுத்துகிறது. முதல் கூட்டத்திலேயே சொல்லி, குறிப்பேட்டில் பதியச் சொல்லுங்கள். என் நிலைப்பாடு இன்னும் கறாரானது. போர்டில் இருந்தால் அந்த அமைப்புக்கு வக்கீலாக இருக்காதீர்கள். சட்டக் கேள்வி வந்தால், 'இதற்கு வெளி வக்கீலைக் கேட்க வேண்டும்' என்று சொல்வதுதான் உங்கள் சட்ட அறிவின் பயன். சிறிய அமைப்புகளில் இது சங்கடம் தரும். இலவச வக்கீல் கிடைப்பார் என்றுதானே உங்களை அழைத்தார்கள்! இருந்தாலும் சொல்லுங்கள், நண்பர் ஒருவரைப் புரோ போனோவுக்குப் பிடித்தும் கொடுங்கள்.

தொழில் விதிகளும் வரம்பு போடும். இந்தியாவில் பார் கவுன்சில் விதி 48-ன்படி வழக்கறிஞர் ஒரு கம்பெனியின் இயக்குநராகவோ குழுத் தலைவராகவோ இருக்கலாம், ஆனால் நிர்வாகத்தை நேரடியாக நடத்தும் பொறுப்பு கூடாது. மேனேஜிங் டைரக்டர், கம்பெனிச் செயலர் பதவிகள் கூடாது. தொண்டு அமைப்பு கம்பெனியாகப் பதிவானதென்றால் இதைப் பார்த்தே ஆகவேண்டும். சட்ட உதவி அமைப்பின் போர்டில் அமர்பவருக்கு வேறொரு சிக்கல் வரும். அந்த அமைப்பு உதவும் ஏழை, உங்கள் கட்சிக்காரருக்கு எதிராளியாக இருக்கலாம். மாதிரி விதி 6.3, இருந்தாலும் போர்டில் இருக்கலாம், ஆனால் அந்த மோதலைத் தொடும் முடிவுகளில் தெரிந்தே பங்கெடுக்கக்கூடாது என்கிறது.

இப்போது ஃபோர்ட்டஸ். கிடியனுக்காக இலவசமாக வாதாடிப் புகழ்பெற்றவர் 1965-ல் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். அதன் பிறகு வுல்ஃப்சன் குடும்ப அறக்கட்டளைக்கு ஆலோசனை சொல்ல, வாழ்நாள் முழுக்க ஆண்டுக்கு 20,000 டாலர் என்று ஓர் ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொண்டார். அறக்கட்டளையை நடத்திய தொழிலதிபரோ பங்குச் சந்தைச் சட்ட மீறல் விசாரணையில் சிக்கியிருந்தார். ஃபோர்ட்டஸ் 1966-ல் முதல் தொகையை வாங்கி, அதே ஆண்டு திருப்பியும் கொடுத்துவிட்டார். 1969-ல் செய்தி வெளியே வந்ததும் பதவியை விட்டு விலக நேர்ந்தது. அறக்கட்டளை என்ற பெயர் எந்தப் பணத்தையும் சுத்தமாக்கிவிடுவதில்லை. போர்டு உறுப்பினராக இருந்துகொண்டு உங்கள் அலுவலகத்துக்குக் கட்டண வேலையை வாங்கிக் கொடுப்பதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த தப்புதான், சின்ன அளவில்.

சேருமுன் கேட்கவேண்டியவை

கடந்த மூன்றாண்டுத் தணிக்கை அறிக்கை, துணைவிதிகள், சமீபத்திய கூட்டக் குறிப்புகள் மூன்றையும் கேளுங்கள். தரத் தயங்கினால் அதுவே பதில். ஆண்டுக்கு எத்தனை கூட்டம், பதவிக்காலம் எவ்வளவு, போர்டு உறுப்பினரே நன்கொடை தரவோ திரட்டவோ வேண்டுமா என்பதையும் கேளுங்கள். அமெரிக்கப் போர்டுகள் பலவற்றில் அது எழுதப்படாத விதி, சேர்ந்தபிறகு தெரிந்தால் மனக்கசப்பு. ஊழியர் சம்பளமும் அதிலிருந்து பிடித்த வரியும் ஒழுங்காகக் கட்டப்படுகின்றனவா என்பது கடைசிக் கேள்வி. பணத் தட்டுப்பாடு வரும்போது முதலில் நிறுத்தப்படுவது அநேகமாக அதுதான்.

இயக்குநர்களுக்கான பொறுப்புக் காப்பீடு இருக்கிறதா என்றும் பாருங்கள். அமெரிக்காவில் 1997-ஆம் ஆண்டுத் தன்னார்வலர் பாதுகாப்புச் சட்டம் சம்பளமில்லாத உறுப்பினரின் சாதாரணக் கவனக்குறைவுக்குப் பாதுகாப்புத் தருகிறது, படுமோசமான அலட்சியத்துக்குத் தராது. பாதுகாப்பு இருந்தாலும் வழக்கையே தடுக்க முடியாது. இங்கிலாந்தில் கிட்ஸ் கம்பெனி என்ற குழந்தைகள் நல அமைப்பு 2015-ல் மூடப்பட்டது. அதன் முன்னாள் அறங்காவலர்களை சில ஆண்டுகளுக்கு எந்த நிறுவனத்துக்கும் இயக்குநராக விடக்கூடாது என்று அரசுத் தரப்பு வழக்குப் போட்டது. 2021-ல்தான் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. அவர்கள் ஜெயித்தார்கள். அதுவரை போன ஆண்டுகளை யாரும் திருப்பித் தரவில்லை.

வெளியேறும்போது

பதவிக்காலம் முடிந்தால் விலகிவிடுவது நல்லது. இருபது ஆண்டு ஒரே நாற்காலியில் இருக்கும் வக்கீலிடம் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள், அவரும் கேட்கமாட்டார். நடுவில் ஒரு முடிவு தவறென்று பட்டால், வாய்ப்பேச்சாக எதிர்த்துவிட்டுப் பெரும்பான்மையோடு சேர்ந்துபோவதில் பயனில்லை. உங்கள் எதிர்ப்பும் காரணமும் கூட்டக் குறிப்பில் ஏற வேண்டும். அடுத்த கூட்டத்தில் அந்தக் குறிப்பை அங்கீகரிக்கும்போது, எழுதியிருக்கிறார்களா என்று படித்துப் பாருங்கள். சட்ட மீறல் நடக்கிறது, சொல்லியும் கேட்கவில்லை என்றால் விலகல் கடிதம் கொடுக்கலாம். ஆனால் நீங்கள் இருந்த காலத்துக்கான பொறுப்பு அந்தக் கடிதத்தோடு போய்விடாது.

விலகியபின் வங்கிக் கணக்கில் கையெழுத்திடும் அதிகாரத்தை நீக்கச் சொல்லி எழுதுங்கள், கையிலுள்ள ஆவணங்களை ஒப்படைத்து ஒப்புகை வாங்குங்கள். உள்ளே கேட்ட இரகசியங்கள் இரகசியங்களாகவே இருக்கும், அந்த அமைப்புக்கு எதிராக யாராவது வழக்கோடு வந்தால் அதை எடுக்குமுன் இருமுறை யோசிக்க வேண்டும். பதிவாளர் அலுவலகப் பட்டியலில் உங்கள் பெயர் நீக்கப்பட்டதற்கான நகல் கைக்கு வரும்வரை, வெளியே வந்துவிட்டதாக எண்ணிக்கொள்ள வேண்டாம்.